வெளிநாட்டுக் கிட்டிலிருந்து கொங்கு ஸ்டேஷன்: மாடல் ரயில் லேஅவுட்டுக்கு நிலையக் கட்டடத்தை மாற்றிக் கட்ட முழுமையான வழிகாட்டி

துண்டு துண்டாக வரும் கட்டடத்தை நாமே ஒட்டிச் சேர்க்கிற வெளிநாட்டுக் கிட்டைப் பெட்டியில் இருந்தபடியே ஒட்டி, முன்னால் மஞ்சள் பலகையில் ‘ஊத்துக்குளி’ என்று எழுதி வைத்த மாடல் ரயில் லேஅவுட்டுகளை, அதாவது தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் சின்னதாகப் பலகையில் அமைத்தவற்றை, பார்த்திருப்பீர்கள். எழுத்து சரியாக இருக்கும், பெயிண்டும் நன்றாக இருக்கும், ஆனாலும் அது நம்மூர் ஸ்டேஷன் என்று கண் ஒப்புக்கொள்ளாது. காரணம் நிறம் இல்லை. ஃபாலர், வோல்மர், ஔஹாகன் போன்ற ஜெர்மன் கம்பெனிகளின் கிட்டுகளில் பெரும்பாலானவை பனி விழும் ஊர்க் கட்டடங்கள். பனி வழுக்கி விழச் செங்குத்தான கூரை, கிடைக்கிற வெளிச்சத்தை எல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ள அகலமான கண்ணாடி ஜன்னல், சுவரை ஒட்டினாற்போல் முடிகிற கூரை விளிம்பு. நம் பக்கத்துப் பழைய ஸ்டேஷன்கள் வெயிலை மனதில் வைத்துக் கட்டியவை. கூரை தாழ்ந்து நீண்டு வரும், சுவர் தடிமனாக இருக்கும், ஜன்னல் அந்தத் தடிமனுக்குள் பதுங்கியிருக்கும், முன்னால் தாழ்வாரம் இருக்கும். அதனால் இந்த வேலை முழுக்க நிழலை மாற்றுகிற வேலைதான். கூரை, சுவர், ஜன்னல், தாழ்வாரம் இந்த நாலும் சரியாக வந்துவிட்டால் பெயிண்ட் அடிக்கும் முன்பே பார்க்கிறவர்களுக்கு ஊர் தெரிந்துவிடும்.

கீழே உள்ள அளவுகள் எச்.ஓ. (HO) மாடலுக்கு, அதாவது நிஜத்தை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிய 1:87-க்கு. அதில் நிஜமான 1 மீட்டர் 11.5 மி.மீ. ஆகும். ஓ.ஓ. (OO) அளவு வைத்திருப்பவர்கள் 13.1, ‘என்’ (N) அளவுக்காரர்கள் 6.25 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

1. எந்த ஸ்டேஷன், எந்தக் காலம்

கிட் வாங்கும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் மீட்டர் கேஜ் ஓடிய காலமா, ஈரோடு–கோவை பாதையில் ஐ.சி.எஃப். (சென்னைப் பெரம்பூர் தொழிற்சாலையின் பழைய வகை) பெட்டிகள் சிவப்பில் ஓடிய காலமா, அவை நீலமான பிறகா, எல்.எச்.பி. என்கிற புதுவகைப் பெட்டிகள் வந்த பிறகா என்பதைப் பொறுத்துக் கூரை முதல் விளக்கு வரை எல்லாமே மாறும். இன்றைய காலம்தான் வேண்டும் என்றால் பல சிறிய ஸ்டேஷன்கள் தட்டையான கான்கிரீட் தளம் போட்டவை. அதில் வேலை பாதியாகக் குறைந்துவிடும், கிட்டின் கூரையையே எடுத்துப் போட்டுவிட்டு ஒரு தட்டைத் தகடு, சுற்றிலும் கைப்பிடிச் சுவர், ஜன்னலுக்கு மேல் 45 செ.மீ. கணக்கில் 5 மி.மீ. சன்ஷேடு வைத்தால் போதும். ஓட்டுக் கூரைதான் மெனக்கெட வைக்கும், ஆனால் எனக்குக் கேட்டால் செய்ய வேண்டியது அதுதான். அதனால் மீதி எல்லாம் ஓட்டுக் கூரையை வைத்தே சொல்கிறேன்.

நேரில் போய்ப் பாருங்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், ‘சார், இந்தக் கட்டடத்தைச் சின்னதா செஞ்சு பார்க்கிறேன்’ என்று சொன்னால் பழைய கட்டடத்தில் எது எப்போது மாற்றியது என்று அவர்களே ஆர்வமாகச் சொல்வதும் உண்டு. கதவுப் பக்கத்தில் ஒரு மீட்டர் குச்சியை நிற்க வைத்து நேர் எதிரே நின்று எடுத்த ஒரு படம், கோணம் கோணமாக எடுத்த பத்துப் படத்தைவிட உபயோகம்.

கூரையை அளக்க ஏற வேண்டியதில்லை, ஓட்டு வரிசையை எண்ணினால் போதும். மங்களூர் ஓடு ஏறக்குறைய 41 செ.மீ. நீளம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருவதால் வெளியே தெரிவது 32 செ.மீ. அளவுக்கு. படத்தில் விளிம்பிலிருந்து முகடு வரை 12 வரிசை இருந்தால் சரிவின் நீளம் சுமார் 3.8 மீட்டர், மாடலில் 44 மி.மீ. அகலத்தையும் இப்படியே எடுக்கலாம், ஒரு ஓடு பக்கவாட்டில் 20 செ.மீ. சுமாருக்குத் தெரியும்.

2. முதலில் அட்டையில் ஒன்று

கிட்டைத் தொடும் முன் பழைய அட்டைப் பெட்டியை வெட்டி முழுக் கட்டடத்தையும் ஒரு தடவை செய்து, லேஅவுட்டில் அது உட்காரப் போகும் இடத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு ரயில் பெட்டியை நிறுத்தி ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். போக வர பார்க்கும்போதுதான் கட்டடம் பெரிதா சிறிதா என்று பிடிபடும். ஐ.சி.எஃப். பெட்டி இரண்டு முனையிலும் உள்ள பஃபரோடு (மோதலைத் தாங்கும் பகுதி) சேர்த்து 22.3 மீட்டர், மாடலில் 256 மி.மீ. ஐந்து பெட்டியும் ஒரு டீசல் எஞ்சினும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். நிஜப் பிளாட்பாரத்தை அதே அளவில் வைத்தால் ஆறு மீட்டருக்கு மேல் போய்விடும், எந்த வீட்டிலும் இடம் இருக்காது. ஆகவே பிளாட்பாரத்தின் நீளத்தைத் தாராளமாகக் குறைக்கலாம். கட்டடத்தின் நீளத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நடுவில் ஒரு ஜன்னலையோ வளைவையோ எடுத்துவிட்டால் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் கதவு உயரத்தையும் சுவர் உயரத்தையும் மட்டும் குறைக்காதீர்கள், அதில் கை வைத்தால் மொத்தமும் பொம்மை ஆகிவிடும்.

3. சுவரை வெட்டுதல்

நம் பக்கத்து நடுத்தர ஸ்டேஷன்கள் பெரும்பாலும் ஒற்றை மாடி, நீளவாக்கில் படுத்த கட்டடம். ஐரோப்பியக் கிட் இரண்டு மாடி, மேலே ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பம் குடியிருக்கும் அமைப்பு. அதனால் மேல் மாடியை அறுத்துவிட்டு, வெட்டிய மேல் சுவரையே திருப்பிக் கீழ் சுவருக்குப் பக்கவாட்டில் ஒட்டி நீளம் கூட்டலாம். ஒரே கிட் இரண்டு கிடைத்தால் இன்னும் வசதி.

வெட்டும் இடத்தை ஜன்னலுக்கு மேல் ஓடும் பட்டையோடு ஒட்டி வையுங்கள், இணைப்பு அதன் நிழலில் மறைந்துபோகும். ஸ்டீல் ஸ்கேல் வைத்துக் கட்டரால் லேசாகப் பல முறை இழுத்துக் கோடு ஆழமானதும் மடக்கி ஒடிக்க வேண்டும். ஒரே அழுத்தில் அறுக்கப் போனால் கட்டர் வழுக்கும். ஒடித்த விளிம்பை உப்புத்தாளைத் தட்டையான பலகையில் ஒட்டி அதன்மேல் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

புகைபோக்கி இருந்தால் எடுத்துவிடுங்கள். குன்னூர், லவ்டேல், ஊட்டி என்று நீலகிரிப் பாதையைச் செய்கிறவர்களுக்கு மட்டும் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே குளிர் உண்டு, கட்டட அமைப்பும் ஆங்கிலேயர் சாயலில் இருப்பதால் பிரிட்டிஷ் கிட்டுகள் குறைந்த வெட்டலிலேயே பொருந்திவிடும். குன்னூர் வரை ரயில் போனது 1899-ல், ஊட்டி வரை 1908-ல், அந்தக் காலத்து மர வேலைப்பாடுள்ள கிட்டாகப் பார்த்து எடுங்கள்.

4. சுவருக்குத் தடிமன், ஜன்னலுக்குக் கம்பி

பழைய காரைச் சுவர் ஒன்றரை அடி இருக்கும், மாடலில் 5 மி.மீ. கிட்டின் சுவரோ 1.5, 2 மி.மீ.க்கு மேல் வராது. ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் கடைகளில் சன்போர்டு என்று கேட்டால் 3 மி.மீ. பி.வி.சி. ஷீட் கிடைக்கும், வெட்டி மிஞ்சிய துண்டுகளே நமக்குப் போதும். அதைச் சுவரின் உள்பக்கம் ஒட்டி, ஜன்னல், கதவு ஓட்டைகளை அதிலும் அதே அளவில் வெட்டிவிடுங்கள். இப்போது கண்ணாடி, கதவு எல்லாவற்றையும் சன்போர்டுக்குப் பின்னால் ஒட்டினால் ஜன்னல் 5 மி.மீ. உள்ளே போய்விடும், மேலே ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள், ஜன்னலுக்குள் பாதிவரை நிழல் இறங்கும். செலவே இல்லாத வேலை, ஆனால் கூரைக்கு அடுத்தபடி கட்டடத்தை மாற்றிக் காட்டுவது இதுதான்.

இரண்டு எச்சரிக்கை. ஃபெவிக்விக் மாதிரி பசையைக் கண்ணாடிப் பக்கம் கொண்டு போகாதீர்கள், அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும், கண்ணாடிக்கு ஃபெவிகால்தான். அப்புறம், சன்போர்டை லேசர் கட்டிங்குக்குக் கொடுக்கக் கூடாது. பி.வி.சி. எரிந்தால் அமில வாயு வரும், ஆளுக்கும் ஆகாது, மெஷினும் துருப்பிடிக்கும். லேசர்தான் வேண்டும் என்றால் 2 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது கனத்த அட்டையில் வெட்டச் சொல்லுங்கள்.

கிட்டின் கட்டம் போட்ட பெரிய கண்ணாடிச் சட்டத்தை எடுத்துவிட்டு நெடுக்குக் கம்பி வைக்க வேண்டும். கோவையில் தெருவுக்குத் தெரு மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது, அங்கே துண்டு காப்பர் கம்பி கேளுங்கள். 36-ம் நம்பர் கம்பி 0.19 மி.மீ., மாடல் கணக்கில் 17 மி.மீ. கம்பிக்குச் சமம், நிஜ ஜன்னல் கம்பியின் பருமன் ஏறக்குறைய அதுதான். கம்பியை இரண்டு முனையிலும் பிடித்து லேசாக இழுத்தால் நேராகிவிடும். ஒரு அட்டைச் சட்டத்தில் 1.3 மி.மீ. இடைவெளியில் வரிசையாகச் சுற்றி, மேலும் கீழும் ஒரு பொட்டுப் பசை வைத்து, காய்ந்ததும் பின்பக்கச் சுற்றை வெட்டி எடுத்தால் ஒரு ஜன்னலுக்கான கம்பி மொத்தமாகக் கையில் வரும். பலகைக் கதவுகளை வெளிப்பக்கம் திறந்த மாதிரி ஒட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரே கோணத்தில் வைக்காமல் ஒன்றிரண்டைப் பாதி சாத்தி வையுங்கள்.

5. கூரை

நேரம் அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இது.

கட்டடத்தின் அகலம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், மாடலில் 69 மி.மீ. கிட்டில் உள்ளது போல 45 டிகிரி கூரை என்றால் முகடு சுவருக்கு மேல் 34.5 மி.மீ. ஏறும். மங்களூர் ஓட்டுக்கு 30 டிகிரி சுமார் போதும், அப்போது முகடு 20 மி.மீ.தான். பக்கச் சுவரின் முக்கோணத்தில் கிட்டத்தட்ட 15 மி.மீ. இறங்க வேண்டும். புது முக்கோணத்தை அட்டையில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டுங்கள். கூரையின் சரிவு நீளம் சுவர் வரை 40 மி.மீ. வரும், அதோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புக்கு இன்னொரு 7, 8 மி.மீ. சேர்க்க வேண்டும், அதாவது இரண்டடி நீட்டல். கொங்குப் பகுதிக்கு மழையைவிட வெயில்தான் அதிகம் என்றாலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்றோடு சாரல் அடிக்கும், அதற்கும் இந்த நீட்டல் வேண்டும்.

கிட்டோடு வரும் ஓட்டுத் தகடு நமக்கு ஆகாது. அது மீன் செதில் மாதிரியான சின்னச் சின்னத் தட்டை ஓடு. அதைத் திருப்பிப் போட்டால் வழவழப்பான பக்கம் அடித்தளமாக உதவும். அதன்மேல் நாமே ஓடு போட வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அட்டைக்குப் பஞ்சமே இல்லை, பனியன் கம்பெனிகளில் துணியோடு தொங்கவிடும் டேக் அட்டை இதற்கென்றே செய்த மாதிரி மெல்லிசாக, விறைப்பாக இருக்கும். அதை 5 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 2.3 மி.மீ.க்கு ஒரு கோடு, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திப் போடுங்கள், அந்தக் கோட்டுக்கு நடுவில் இன்னொரு லேசான கோடு. மங்களூர் ஓட்டின் முகத்தில் நீளவாக்கில் தண்ணீர் ஓடும் பள்ளங்கள் உண்டு, அந்த லேசான கோடு அதற்காக. அடிவிளிம்பில் ஒவ்வொரு ஓட்டின் முனையையும் கத்தரியால் மயிரிழை அளவுக்குக் கிள்ளிவிட்டால் வரிசை தனித்தனி ஓடாகத் தெரியும். விளிம்பிலிருந்து தொடங்கி மேலே போங்கள், ஒவ்வொரு பட்டையும் 3.7 மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி. கூரைத் தகட்டில் முன்கூட்டியே பென்சிலால் 3.7 மி.மீ. கோடுகள் போட்டுவைத்தால் வரிசை சாயாது. ஒரு பக்கத்துக்கு 13 வரிசை வரும். முழுப் பட்டையிலும் பசை தடவாமல் மேல் பாதியில் மட்டும் தடவுங்கள், அடிவிளிம்பு கொஞ்சம் எழும்பி நிற்பதுதான் அழகு. அங்கங்கே ஓரிரு ஓடுகளை அரை மி.மீ. கீழே இறக்கிவிடுங்கள். ஸ்டேஷனுக்குள் வெளிச்சத்துக்காக நிஜத்தில் கண்ணாடி ஓடு போட்டிருப்பார்கள், நீங்களும் இரண்டு, மூன்று இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு வைக்கலாம், உள்ளே விளக்கு போட்டால் இரவில் நன்றாகத் தெரியும்.

ஒரு கூரை முழுக்க இப்படிச் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு, கணபதி, பீளமேடு பக்கம் 3டி பிரிண்ட் எடுத்துத் தருகிறார்கள், ஒரு சதுரத்தை மட்டும் வரைந்து கொடுத்துப் பல பிரதி எடுத்து ஒட்டலாம். சுத்தமாக வரும். ஆனால் எல்லா ஓடும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதால் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கண் உறுத்தும், இங்கொன்றும் அங்கொன்றுமாக அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

முகட்டுக்கு ஸ்ட்ராவைப் பாதியாகப் பிளந்து 4.5 மி.மீ. துண்டுகளாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுங்கள். பக்க விளிம்புகளில் காற்றுக்கு ஓடு பறக்காமல் கொத்தனார் காரை பூசியிருப்பார், ஒரு கோடு புட்டி அங்கே வேண்டும். கூரையின் அடியில் ஓட்டைத் தாங்கும் மரச் சட்டங்களான கைமரமும் ரீப்பரும் தெரிய வேண்டும், குனிந்து பார்க்கிற குழந்தைகள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

6. தாழ்வாரமும் பிளாட்பாரக் கொட்டகையும்

ரயில்வே எதையும் வீணாக்காது, பழைய தண்டவாளத்தையே தூணாக, வேலியாக நட்டிருப்பதைப் பல ஸ்டேஷன்களில் பார்க்கலாம். முன்பெல்லாம் ஒரு துண்டு தண்டவாளத்தைத் தொங்கவிட்டு மணியாகவும் அடிப்பார்கள். மாடலில் இது நமக்கு வசதி. கஜத்துக்கு 90 பவுண்டு எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 143 மி.மீ., எச்.ஓ.வில் 1.64 மி.மீ. கோட் 70 மாடல் தண்டவாளம் 1.78 மி.மீ. உயரம், ஏறக்குறைய அதே அளவுதான். லேஅவுட் போட்டு மிஞ்சிய துண்டுகளைத் தூணாக நடுங்கள், தலைப்பகுதி தண்டவாளத்தைப் பார்த்தபடி. வேறு எந்தப் பொருளிலும் இந்த வடிவம் இவ்வளவு துல்லியமாக வராது.

கொட்டகைக்குக் கல்நார் ஷீட் என்றால் அலைக்கு அலை 146 மி.மீ., மாடலில் 1.7. தகர ஷீட் என்றால் 75 மி.மீ., மாடலில் 0.9. இரண்டையும் குழப்பினால் கொட்டகை அளவு தப்பித் தெரியும். மின்மயமான பாதை என்றால் மேல்கம்பி தண்டவாளத்துக்கு மேல் ஐந்தரை மீட்டர் உயரத்தில் போகும், மாடலில் 63 மி.மீ., கொட்டகை விளிம்பு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

7. பிளாட்பாரத்தின் உயரமும் விலகலும்

உயர்ந்த பிளாட்பாரம் தண்டவாளத் தலையிலிருந்து 760 முதல் 840 மி.மீ., மாடலில் 8.7 முதல் 9.7 வரை. நடுத்தரம் 455, மாடலில் 5.2. பழைய காலச் சின்ன ஸ்டேஷன் என்றால் தரையோடு தரையாகவே விடலாம், பெட்டியிலிருந்து இறங்கும் ஆளைப் படியில் நிறுத்தினால் நன்றாக இருக்கும். நேர்ப்பாதையில் பாதையின் நடுக்கோட்டிலிருந்து பிளாட்பார விளிம்பு 1.67 மீட்டர், அதாவது 19.2 மி.மீ. நம் அகலப் பாதை 1676 மி.மீ., எச்.ஓ. தண்டவாளமோ ஐரோப்பிய அளவான 1435-க்கானது. அதனால் பெட்டிக்கு அடியில் பாதை ஒடுங்கித் தெரியும், பிளாட்பாரம் உயர்ந்திருந்தால் அது பார்வையிலிருந்து மறைந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

வளைவில் பிளாட்பாரம் போட்டால் கணக்கு வேறு. ஐ.சி.எஃப். பெட்டியின் அடியில் உள்ள இரண்டு போகிகளுக்கும் (சக்கரத் தொகுதிகள்) இடையே மையத்துக்கு மையம் 14.78 மீட்டர், மாடலில் 170 மி.மீ. 600 மி.மீ. ஆரமுள்ள வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் 6 மி.மீ. தள்ளி வரும், முனைகள் வெளிப்பக்கம் நீட்டும். உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியின் பக்கத்தில் ஒரு பென்சிலைக் கட்டி மெதுவாகத் தள்ளிக் கோடு இழுங்கள், அந்தக் கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே விளிம்பு.

8. பெயிண்ட்

பிரைமர் கட்டாயம். சுவருக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், சுண்ணாம்பு அடித்த சுவர் வெயிலில் மஞ்சள் கலந்துவிடும், வெள்ளையோடு துளி காவி சேருங்கள். ஓட்டுக்கு மூன்று, நான்கு செம்மண் சாயல்களைத் தனித்தனியாகக் கலந்து, ஒன்று விட்டு ஒன்று அடியுங்கள். பழைய ஓடு கறுத்திருக்கும், மாற்றிய ஓடு பளிச்சென்று இருக்கும். மர நிழல் விழுகிற பக்கம் கொஞ்சம் கரும்பச்சை.

நிஜ மண்ணையே பயன்படுத்துங்கள். நீங்கள் செய்கிற ஊரிலேயே ஒரு பிடி எடுத்து, காய வைத்து, மெல்லிய துணியில் சலித்தால் மாவு மாதிரி தூள் கிடைக்கும். பல்லடம் பக்கத்துச் செம்மண்ணுக்கும் உடுமலைப் பக்கத்துக் கரிசலுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பெயிண்ட் டப்பாவிலும் வாங்க முடியாது. சுவரின் அடியில் 3, 4 மி.மீ. உயரத்துக்குக் காய்ந்த பிரஷ்ஷால் அதைத் தட்டிவிடுங்கள், மழைத்துளி தெறித்து மண் ஏறிய கறை அது. தாழ்வாரத்துக்குள் போடாதீர்கள், அங்கே மழை படாது.

9. பெயர்ப் பலகை

மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. நம் மாநிலத்தில் மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம், அதற்கும் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம். ஸ்டிக்கர் தாளில் அச்செடுத்து 1 மி.மீ. அட்டையில் ஒட்டினால் போதும். நீங்கள் எடுத்த காலம் 1978-க்கு முந்தியது என்றால் எழுத்தைக் கவனியுங்கள். அந்த வருஷம் அரசாணை வந்த பிறகுதான் ணை, லை, ளை, னை எல்லாம் இப்போதுள்ள வடிவத்துக்கு வந்தன. அதற்கு முன் அந்த எழுத்துகளின் முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பு இருக்கும். உடுமலைப்பேட்டைக்கு ஒரு எழுத்து, ஆனைமலை ரோட்டுக்கு இரண்டு எழுத்து மாறும். கணினியில் அந்த எழுத்துரு கிடைக்காவிட்டால் கையால் வரைந்து சின்னதாக்கி அச்செடுங்கள்.

10. விளக்கு, சாமான், வெளிப்புறம்

பழைய காலத்துக்கு மஞ்சள் எல்.இ.டி., டியூப்லைட் வந்த பிறகான காலத்துக்கு வெள்ளை. 12 வோல்ட்டில் ஒரு எல்.இ.டி.க்கு 1.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் கண் கூசாத அளவுக்கு எரியும். கூரையின் உள்பக்கம் கறுப்பு அடிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் பிளாஸ்டிக் வழியாகவே கசியும்.

பிளாட்பாரத்தில் கல் பெஞ்ச், சிவப்பு மணல் வாளிகள், குடிநீர்க் குழாய், மேடை கட்டிய வேப்ப மரம். திருப்பூர் என்றால் பார்சல் ஆபீஸ் முன்னால் சாக்குத் துணி தைத்த பனியன் மூட்டைகள் அடுக்கியே ஆக வேண்டும், பொள்ளாச்சி என்றால் தேங்காய். ஸ்டேஷனுக்கு வெளியே தாராபுரம், காங்கயம் பக்கத்துக் கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) வைக்க நினைத்தால் கிளுவை வேலி போடுங்கள், காய்ந்த வேர்களைக் குத்துக் குத்தாக நெருக்கி நட்டு மேலே லேசாகப் பச்சைத் தூள் தூவினால் அப்படியே வரும். நடுவில் ஒன்றிரண்டு வெள்வேல மரம், அதனடியில் ஒரு காங்கயம் காளை.

கட்டடத்தை லேஅவுட் பலகையோடு ஒட்டாதீர்கள். அடித்தளத்தில் இரண்டு முளை வைத்துப் பலகையில் அதற்கு ஓட்டை போடுங்கள், ஒயரைச் சின்ன கனெக்டர் வழியாகக் கொடுங்கள், கட்டடத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையே தெரிகிற இடுக்கில் சலித்த மண்ணைப் பசை இல்லாமல் தூவிவிடுங்கள். எல்.இ.டி. போனாலும், கூரைக்குள் சிலந்தி கூடு கட்டினாலும் தூக்கி எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.